தோற்றவர் பெயரில் வென்றவர் கோட்டை

தென் பிரான்சின் கோர்பியேர் மலைப்பகுதியில், சுண்ணாம்புப் பாறைகளின் உச்சியில், இடைக்காலக் கோட்டைகள் பல இடிந்து நிற்கின்றன. பெய்ர்பெர்த்யூஸ், கெரிபூஸ், புயிலோரன்ஸ், தெர்ம், அகிலார் ஆகிய ஐந்தும் பெயர் பெற்றவை. மேற்கே பிரெனே மலையடிவாரத்தில் மோன்செகூர், வடக்கே கார்க்கசோன் நகரைத் தாண்டிக் கருமலைச் சரிவில் லாஸ்தூர் என இந்த வரிசை நீள்கிறது. பாறை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று கீழிருந்து பார்க்கிறவரால் சொல்ல முடியாது. சுற்றுலாக் கையேடுகளும் சாலையோரப் பலகைகளும் இவற்றைக் ‘காதார் கோட்டைகள்’ என்கின்றன. காதார்கள் என்போர் 13ஆம் நூற்றாண்டில் போராலும் மதவிசாரணையாலும் ஒழிக்கப்பட்ட கிறித்தவச் சமயக் குழுவினர். மூச்சு வாங்க மேலே ஏறி வருபவர், கண்முன் உள்ள சுவர் அந்த மக்களுடையது என்றும், அது இடிந்து கிடப்பது அவர்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமையின் சாட்சி என்றும் எண்ணிக்கொள்கிறார். இரண்டுமே பெரும்பாலும் தவறு. அந்தச் சுவர்களில் பெரும்பகுதியைக் கட்டியது காதார்களை ஒழித்த அரசு. அவை இடிந்தது பல நூற்றாண்டுகள் கழித்து, வேறு காரணங்களால். தோற்றவர்களின் தடயம் இந்தப் பாறைகளில் உண்டு. ஆனால் அது வானத்தைத் தொடும் சுவரில் இல்லை. பார்வையாளர் கவனிக்காமல் கடந்துபோகும் முழங்கால் உயர அடித்தளங்களில் இருக்கிறது. இந்தப் பாழ்களைப் பார்க்கப் போவதன் பொருளே அந்த வேறுபாட்டை அறிவதில்தான் உள்ளது என்பது இக்கட்டுரையின் வாதம்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உலகின் தீமைக்கு நல்ல கடவுள் காரணமாக இருக்க முடியாது, பொருளுலகம் தீய சக்தியின் படைப்பு என்று நம்பிய காதார் துறவிகள் 12ஆம் நூற்றாண்டில் தென் பிரான்சின் லாங்க்தாக் பகுதியில் செல்வாக்குப் பெற்றார்கள். ஊரார் அவர்களை நல்ல மனிதர்கள் என்றே அழைத்தார்கள். அவர்கள் இறைச்சி உண்ணவில்லை, சத்தியம் செய்யவில்லை, உயிர்க்கொலையைப் பாவமாகக் கருதினார்கள். 1208 ஜனவரியில் போப்பின் தூதர் பியேர் த காஸ்தல்னோ கொல்லப்பட்டதும், போப் மூன்றாம் இன்னசென்ட் காதார்களுக்கு எதிராகச் சிலுவைப்போரை அறிவித்தார். 1209 ஜூலை 22 அன்று பெசியே நகரில் படுகொலை நடந்தது. ஆகஸ்டில் கார்க்கசோன் வீழ்ந்தது. படைத்தலைவன் சிமோன் த மோன்ஃபோர் 1218இல் துலூஸ் முற்றுகையில் இறந்த பிறகு பிரெஞ்சு அரசரே நேரடியாகக் களமிறங்கினார். 1229ஆம் ஆண்டு பாரிஸ் உடன்படிக்கையோடு போர் முடிந்தது, மதவிசாரணை தொடங்கியது.

இந்தப் போர் தொடங்கியபோது பாறை உச்சிகளில் என்ன இருந்தது? உள்ளூர்ப் பிரபு ஒருவரின் சிறிய சதுரக் கோபுரம், அதைச் சுற்றி ஒரு மதில், அதன் கீழே சரிவில் படிப்படியாக ஒட்டிக்கொண்ட வீடுகள், சில இடங்களில் ஒரு தேவாலயம். கோட்டையும் ஊரும் ஒன்றாக இருந்த குடியிருப்பு அது. கொல்லனும் நெசவாளியும் ஆட்டு மந்தையும் பிரபுவின் உறவினர்களும் அங்கே நெருக்கமாக வாழ்ந்தார்கள். துறவிகள் இருந்தால் அவர்களும் ஒரு வீட்டில் குடியிருந்து கைத்தொழில் செய்து பிழைத்தார்கள். கோட்டை கட்டுவது அவர்களின் வேலையில்லை. சத்தியமும் ஆயுதமும் விலக்கியவர்களுக்குப் படையும் இல்லை. கோட்டை பிரபுவுடையது. அவர் அவர்களுக்கு இடம் கொடுத்தார், சில வேளை அவர் வீட்டுப் பெண்களே அந்தத் துறவில் சேர்ந்தார்கள். பெய்ர்பெர்த்யூஸின் நிலை இன்னும் தொலைவானது. அதன் பிரபு குய்யோம் 1240இல் பிரெஞ்சு அரசரிடம் பணிந்ததற்குப் பின்னணி, நிலம் யாருடைய ஆட்சிக்கு உட்பட்டது என்ற அரசியல் போட்டி. அந்தப் பாறையை முதன்மையாகக் காதார் வரலாற்றோடு இணைக்கச் சான்று மிகக் குறைவு.

அதன் பிறகு நடந்ததைப் பெய்ர்பெர்த்யூஸின் கற்களே வரிசையாகச் சொல்கின்றன. பாறை முகடு ஏறத்தாழ 300 மீட்டர் நீளம், கடல்மட்டத்திலிருந்து 800 மீட்டர் உயரம். கிழக்கு முனையில் தாழ்வாக, கப்பலின் முன்பகுதி போலக் குறுகிச் செல்லும் பகுதியில் பழைய கோட்டையும் 12ஆம் நூற்றாண்டு மரியன்னை ஆலயமும் உள்ளன. மேற்கே முகட்டின் மிக உயர்ந்த இடத்தில் தனியாக நிற்பது சான் ஜோர்தி. இது ஒன்பதாம் லூயி அரசர் கோட்டையைக் கைப்பற்றியபின், 1250 வாக்கில் புதிதாகக் கட்டியது. இரண்டையும் இணைப்பது பாறை விளிம்பிலேயே வெட்டிய படிக்கட்டு. 1242இல் அரசர் கட்டளையிட்டு அமைத்ததால் இன்றும் அது அவர் பெயரால் வழங்குகிறது. ஒருபுறம் பாறைச் சுவர், மறுபுறம் வெறும் காற்று. படிகள் தேய்ந்து வழுக்குகின்றன. கைப்பிடிக் கயிறு இக்காலத்தில் கட்டியது. பார்வையாளர்கள் அதிகம் படமெடுக்கும் இடம் இது, ‘காதார்’ என்ற சொல்லோடு அதிகம் பரவும் படமும் இதுவே. காதார்களுக்குப் புகலிடம் கொடுத்தவர்களை அடக்கிய அரசரின் ஆணையால் வெட்டிய படி அது.

அரசர் ஏன் இவ்வளவு செலவு செய்தார்? மதத்துக்காக இல்லை. 1258 மே மாதம் கோர்பெய் நகரில் ஒன்பதாம் லூயியும் அரகோன் அரசர் முதலாம் ஹைமேயும் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். லாங்க்தாக் மீதான உரிமையை அரகோன் விட்டுக்கொடுத்தது. ரூசியோன், காத்தலோனியா மீதான பழைய உரிமையைப் பிரான்ஸ் விட்டது. கோர்பியேரின் தெற்கு முகடு இரண்டு அரசுகளுக்கும் எல்லையாயிற்று. ஐந்து கோட்டைகளும் கார்க்கசோனை மையமாகக் கொண்ட எல்லைக் காவல் வரிசையாக மாறின. ‘கார்க்கசோனின் ஐந்து மைந்தர்கள்’ என்ற பெயர் அதனால் வந்தது. அரசர் சம்பளம் கொடுத்து வைத்த காவல் வீரர்கள் ஒவ்வொன்றிலும் சிறு எண்ணிக்கையில் இருந்தார்கள். எதிரே பார்க்க வேண்டியது தெற்கு, அரகோன் பக்கம். மேலே நின்று பார்க்கிற எவருக்கும் இது உடனே புரியும்: கெரிபூஸிலிருந்து ரூசியோன் சமவெளி முழுவதும் தெரிகிறது. ஒளிந்து வாழ நினைப்பவர் தேடும் இடம் இது இல்லை, எல்லையைக் கண்காணிப்பவர் தேடும் இடம்.

கட்டட முறையும் இதையே உறுதி செய்கிறது. 12ஆம் நூற்றாண்டு மலைப்பிரபுவின் சுவர், கிடைத்த கல்லைக் கிடைத்த அளவில் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கி, பாறையின் வளைவோடு வளைந்து போகும். கோபுரம் சதுரம், அம்புத்துளைகள் குறைவு. வடக்கிலிருந்து வந்த அரச கட்டடக்காரர்களின் முறை வேறு: வட்டக் கோபுரம், ஒரு கோபுரத்திலிருந்து அடுத்த கோபுரத்தின் அடிவரை அம்பு எட்டும்படி கணக்கிட்ட இடைவெளி, நீண்டு குறுகிய அம்புத்துளை, சீராகச் செதுக்கிய கல். அகிலாரில் இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்கலாம். நடுவே பழைய பிரபுவின் கோபுரம். அதைச் சுற்றி அறுகோண மதிலும் மூலைக்கு ஒன்றாக ஆறு கோபுரங்களும். அந்தக் கோபுரங்களின் உட்பக்கம் திறந்தே இருக்கிறது. எதிரி ஒரு கோபுரத்தைப் பிடித்தாலும் உள்ளேயிருப்பவரின் அம்புக்கு மறைவில்லாமல் நிற்க வேண்டும் என்ற கணக்கு அது. கெரிபூஸின் உள்ளே ஒரே தூண் நான்கு விலாவளைவுக் கூரைகளைத் தாங்கி நிற்கும் கோதிக் கூடம், இந்தப் பாறைநாட்டுக் கட்டடக்கலையின் மிக அழகிய பகுதி என்பது என் கருத்து. அதைப் பற்றி எத்தனையோ மறைபொருள் விளக்கங்கள் எழுதப்பட்டுவிட்டன. அது பிரெஞ்சு அரசுக் காலத்துக் கட்டுமானம் என்பதோடு அவை அனைத்தும் முடிந்துவிடுகின்றன.

இடிபாட்டின் கதையும் இப்படித்தான். 1659இல் பிரெனே உடன்படிக்கை ரூசியோனைப் பிரான்சுக்குக் கொடுத்தது. எல்லை தெற்கே நகர்ந்தது. நானூறு ஆண்டு வேலை ஒரே நாளில் தீர்ந்தது. சிறு காவல்கள் சில காலம் நீடித்தன, பிறகு கூரை விழுந்தது, மழையும் இடையர்களும் மீதியைப் பார்த்துக்கொண்டார்கள். தெர்ம் கோட்டை மட்டும் திட்டமிட்டு வெடிமருந்து வைத்துத் தகர்க்கப்பட்டது. அது நடந்தது 1653-54இல், அரச ஆணைப்படி. சிமோன் த மோன்ஃபோர் 1210இல் நான்கு மாதம் முற்றுகையிட்டு, தண்ணீர் தீர்ந்தும் நோய் கண்டும் தவித்த காவலரிடமிருந்து பிடித்த கோட்டைதான் அது. ஆனால் இன்று அங்கே சிதறிக் கிடக்கும் கற்களைச் சிதறடித்தவர் அவர் இல்லை.

இங்கே எழும் வலுவான மறுப்பு மோன்செகூர். ஐந்து மைந்தர்கள் எப்படியிருந்தாலும் மோன்செகூர் உண்மையிலேயே காதார்களின் கோட்டை அல்லவா? இந்தக் கேள்விக்கு மரியாதையோடு பதில் சொல்ல வேண்டும், ஏனெனில் பாதி உண்மை அதில் இருக்கிறது. 1244இல் மதவிசாரணையாளர் ஃபெரெர் முன் வாக்குமூலம் கொடுத்த ரேமோன் த பெரெய், துறவிகள் கேட்டுக்கொண்டதால் தானே ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன் அந்தப் பாறையில் கோட்டையைத் திரும்பக் கட்டியதாகச் சொன்னார். 1207 மீட்டர் உயரப் பாறையில் நானூறு, ஐந்நூறு பேர் வாழ்ந்தார்கள். 1242 மே மாதம் அங்கிருந்து போன வீரர்கள் அவின்யோனே ஊரில் மதவிசாரணையாளர்களைக் கொன்றார்கள். மறு ஆண்டு மே மாதம் கார்க்கசோனின் அரச அதிகாரி ஊக் தேஸார்சி முற்றுகையைத் தொடங்கினார். குளிர்காலத்தில், மலையேறப் பழகிய ஒரு சிறு குழு இரவில் கிழக்கு முனைப் பாறையில் ஏறி அங்கிருந்த காவலை வீழ்த்தியது. விடிந்தபின் தாங்கள் ஏறிவந்த வழியைப் பார்த்து அவர்களே நடுங்கினார்கள் என்று அக்கால வரலாற்றாசிரியர் குய்யோம் த புயிலோரன்ஸ் எழுதியிருக்கிறார். பிறகு கல்லெறி எந்திரம் மேலே வந்தது. 1244 மார்ச் தொடக்கத்தில் இரண்டு வாரத் தவணையோடு சரணடைய ஒப்புக்கொண்டார்கள். அந்தத் தவணையில், நெருப்பு நிச்சயம் என்று தெரிந்தே, இருபதுக்கு மேற்பட்டோர் துறவுத் தீட்சை பெற்றார்கள். மார்ச் 16 அன்று நம்பிக்கையைக் கைவிட மறுத்த 200க்கு மேற்பட்டோர் எரிக்கப்பட்டார்கள். ரேமோனின் மனைவி கோர்பாவும் மகள் எஸ்கிளார்மோந்தும் அவர்களில் இருந்தார்கள்.

இவ்வளவும் உண்மை. ஆனால் இன்று அந்தப் பாறையில் நிற்கும் ஐங்கோண மதிலும் கோபுரமும் அந்த நாட்களில் இல்லை. முற்றுகைக்குப் பிறகு மோன்செகூர், மிர்ப்புவா பிரபுக்களான லெவி குடும்பத்திடம் வந்தது. சிலுவைப்போரில் சிமோனோடு வந்து நிலம் பெற்ற குடும்பம் அது. தொல்லியலாளர் பல ஆண்டு அகழ்ந்து கண்டது, இப்போதுள்ள கோட்டை லெவி குடும்பத்தின் காலத்தது என்பதையே. இதை ஏற்றுக்கொள்ளாததால் எவ்வளவு பெரிய கற்பனை வளர முடியும் என்பதற்கு ஃபெர்னான் நியெல் எடுத்துக்காட்டு. அவர் 20ஆம் நூற்றாண்டின் நடுவில் மோன்செகூரைக் கவனமாக அளந்து, கதிர்த்திருப்ப நாளில் எழும் சூரியனின் திசைக்கும் கட்டடத்தின் திறப்புகளுக்கும் பொருத்தம் கண்டார். கோட்டை உருவில் கட்டிய சூரிய ஆலயம் இது என்றார். ஒளி உண்மையாகவே ஜூன் மாதக் காலையில் கோபுரத்தின் ஒரு பக்க அம்புத்துளையில் நுழைந்து எதிர்ப்பக்கம் வெளிப்படுகிறது. அதைக் காண இன்றும் கூட்டம் கூடுகிறது. அளவீட்டில் நேர்மை இருந்தது. தேதியில்தான் பிழை. கத்தோலிக்கப் பிரபு ஒருவர் தன் எல்லையைக் காக்கக் கட்டிய மதிலில் காதார்களின் வழிபாட்டைத் தேடிப் பயனில்லை. எதிரெதிரான சுவர்களில் நேர்க்கோட்டில் துளை இருந்தால் ஆண்டின் ஏதோ ஒரு நாளில் சூரியன் அதன் வழியே தெரியத்தான் செய்யும்.

தவறான பெயர் எப்படி நிலைத்தது என்பதும் ஆராயத் தக்கது, ஏனெனில் அதைச் செய்தவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. 1870களில் நப்போலியோன் பெய்ரா என்ற புராட்டஸ்டன்ட் போதகர் காதார்களின் வரலாற்றை உணர்ச்சி மிகுந்த காவியமாக எழுதி மோன்செகூரைப் புனித மலையாக்கினார். 1933இல் ஜெர்மானியர் ஓட்டோ ரான் கிறிஸ்துவின் திருக்கிண்ணத்தை இந்த மலையோடு முடிச்சுப் போட்டார். அவர் பின்னர் நாஜிகளின் எஸ்.எஸ். அமைப்பில் சேர்ந்தார் என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். 1966 இரண்டு வகையில் திருப்புமுனை: காதார்களைப் பற்றிய நாடகம் பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகி நாடு முழுவதும் பேசப்பட்டது, மிஷெல் ரோக்பெர் இந்தப் பாறைக் கோட்டைகளைப் பற்றிப் படங்களோடு வெளியிட்ட நூல் தலைசுற்றும் உயரங்களை ஒரு தலைமுறையின் மனத்தில் பதித்தது. அதே ஆண்டுகளில் தென் பிரான்சின் ஆக்சித்தான் மொழி உரிமைக்காகப் போராடிய இளைஞர்களுக்கு மோன்செகூர் பாரிஸின் ஆதிக்கத்தை எதிர்க்கும் சின்னமாயிற்று. 1990களில் ஓத் மாவட்ட நிர்வாகம் ‘காதார் நாடு’ என்ற பெயரையே வணிகக்குறியாக்கி, மதுவுக்கும் விடுதிக்கும் கோட்டைக்கும் ஒட்டியது.

இதைப் பழிப்பது எளிது. அந்த மாவட்டத்தின் நிலையை அறிந்தால் நாவு தயங்கும். ஓத் பிரான்சின் ஏழை மாவட்டங்களில் ஒன்று. திராட்சையை மட்டும் நம்பி, திராட்சை விவசாயிகளின் 1907 எழுச்சி முதலாகப் பல நெருக்கடிகளைக் கண்ட மண். அந்தப் பெயர் வருவாய் கொண்டுவந்தது. வருவாய் சுவர்களைத் தாங்கியது. கூலியும் கடையும் கொடுத்தது. பெயரை நீக்கினால் பார்வையாளர் குறைவார்கள், பாழ் மேலும் பாழாகும் என்பது அங்குள்ளவர்களின் மறுப்பு. நியாயமான கவலை. ஆனால் அதற்கு விடை, பார்வையாளரைக் குறைத்து மதிப்பிடக் கூடாது என்பதே. கார்க்கசோன் நகர்க்கோட்டை இதற்குச் சான்று. அதன் மதில்களையும் கூரைகளையும் 1853 முதல் கட்டடக்கலைஞர் வியோலே-லெ-டுக் சீரமைத்ததும், கூம்புக் கூரைக்கு வடநாட்டுப் பலகைக்கல்லைப் போட்டார் என்று அவர் மீது எழுந்த கண்டனமும் இன்று கையேடுகளிலேயே உள்ளன. அதைப் படித்த பிறகும் கூட்டம் குறையவில்லை. எல்லைக் கோட்டைகளாக இவற்றின் கதை எவ்விதத்திலும் சுவை குறைந்ததில்லை. சிறு காவல், 800 மீட்டர் உயரம், மழைநீரைச் சேமிக்கும் தொட்டி, கடுங்காற்று வீசும் நாட்களில் கீழே போகவும் முடியாத தனிமை: இதைச் சொன்னால் யார் கேட்க மாட்டார்கள்?

நினைவுக்குக் கட்டடச் சான்று எதற்கு என்பது மற்றொரு மறுப்பு. எரிந்தவர்கள் அங்கேதான் எரிந்தார்கள். சுவர் யாருடையதானால் என்ன, அந்தப் பாறையில் நின்று அவர்களை நினைப்பது போதும் என்பார்கள். 1960இல் மலையடிவாரத்தில் நட்ட நினைவுக்கல்லுக்கு இது பொருந்தும். கோட்டைக்குப் பொருந்தாது. வென்றவரின் மதிலைத் தோற்றவரின் வீரச்சின்னமாகப் போற்றும்போது அறியாமலேயே ஒரு அநீதி நடக்கிறது: உயர்ந்தது, வலியது, கல்லில் நிலைத்தது மட்டுமே வரலாறு என்ற வென்றவரின் அளவுகோலைத் தோற்றவர்மீதும் போட்டுவிடுகிறோம். ஆயுதம் எடுக்க மறுத்தவர்களைப் போர்க்கோட்டை கட்டியவர்களாக்குவதைவிடப் பெரிய திரிபு என்ன இருக்க முடியும்? அதே காரணத்தால், இப்போது எழுந்துள்ள மாற்றுப்பெயரையும் முழுமனத்தோடு ஏற்க இயலவில்லை. கார்க்கசோன் 1997 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். மலைக் கோட்டைகளையும் அதோடு சேர்க்க வேண்டும் என்ற முன்மொழிவு 2017இல் பிரான்சின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றது. அதில் காதார் என்ற பெயர் விலகி ‘அரச கோட்டைகள்’ என்பது முன்வந்திருக்கிறது. கற்களைப் பொறுத்தவரை இது சரியான பெயர். ஆனால் அரசரின் சுவருக்கு அடியில் புதைந்த ஊரை இந்தப் பெயர் இரண்டாம் முறை புதைத்துவிடக் கூடாது. ஒலிவியே த தெர்ம் என்பவரின் வாழ்க்கை எந்தப் பெயருக்கும் அடங்காதது: தந்தை ரேமோன் தெர்ம் கோட்டையை இழந்து கார்க்கசோன் சிறையில் இறந்தார், மகன் அரசரை எதிர்த்துப் பலமுறை போரிட்டார், பின் பணிந்தார், ஒன்பதாம் லூயியோடு சிலுவைப்போருக்குப் போனார், 1255இல் கெரிபூஸ் அரசர் கைக்கு வருவதற்குத் தானே உதவினார், தன் அகிலாரை அரசருக்கே விற்றார். காதார், அரசு என்ற இரண்டு பெட்டிகளில் எதில் இவரை வைப்பது?

ஆகவே பார்க்கவேண்டிய இடம் கீழே இருக்கிறது. லாஸ்தூரில் முகட்டில் நான்கு கோபுரங்கள் வரிசையாக நிற்கின்றன. பார்வையாளர் கண் அவற்றிலேயே நிற்கும். நான்கில் ரெஜின் என்ற கோபுரம் அரசர் புதிதாகச் சேர்த்தது. போர்க்காலத்தில் இங்கே இருந்த கபாரே ஊரின் பிரபு பியேர்-ரோஜே துறவிகளுக்கு இடமளித்தார். 1210இல் பிராம் ஊரில் பிடிபட்ட வீரர்களின் கண்களைப் பிடுங்கி, வழிகாட்ட ஒருவருக்கு மட்டும் ஒற்றைக் கண்ணை விட்டு, சிமோன் அவர்களை அனுப்பியது இந்த ஊருக்குத்தான். அந்த ஊரைத் தொல்லியலாளர் சரிவில் அகழ்ந்து வெளிக்கொணர்ந்தார்கள்: பாறையை வெட்டிச் சமன்செய்த தளங்கள், அவற்றின்மேல் வீடுகள், இடையே குறுகிய தெரு, இரும்பு வேலை நடந்ததற்கான தடயம். போர் முடிந்தபின் ஊர் அழிக்கப்பட்டு மக்கள் பள்ளத்தாக்குக்கு இறக்கப்பட்டார்கள். மோன்செகூரிலும் கோபுரத்துக்கு வெளியே, வடமேற்குச் சரிவில், வீடுகள் நின்ற தளங்கள் இன்றும் தெரிகின்றன. ஒரு வீட்டின் அகலம் சில அடி. பின்சுவர் பாறை, முன்சுவர் பள்ளத்தின் விளிம்பு. அங்கே கிடைத்த பகடைக்காய், கத்தரிக்கோல், அம்பு முனை, பானை ஓடு ஆகியவை கீழேயுள்ள ஊர் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன. துறவியும் தையற்காரியும் காவல் வீரனும் பத்து மாத முற்றுகையில் எப்படி நெருங்கி வாழ்ந்தார்கள் என்பதற்கு அந்தச் சிறு பொருள்களைவிட நேரடியான சான்று இல்லை.

இந்தப் பாறைகளுக்குப் போகிறவர்கள் முதலில் கீழே உள்ள ஊர் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு மேலே ஏற வேண்டும். ஏறியதும் மதிலைச் சுற்றி வெளிப்பக்கம் சென்று, வேலிக்கு இப்பால் நின்று வீட்டுத் தளங்களைப் பார்க்க வேண்டும். அந்தத் தளங்களில் கால் வைக்கக் கூடாது, அவை மண்ணோடு சரிந்துவருகின்றன. நிர்வாகம் செய்யவேண்டியது ஒன்று: கோட்டை வாசலில் வைக்கும் பலகையில், இந்தச் சுவரைக் கட்டியவர் யார், கட்டிய நூற்றாண்டு எது, இதற்குமுன் இங்கே குடியிருந்தவர்கள் யார் என்ற மூன்றையும் தனித்தனியாக எழுத வேண்டும். பெய்ர்பெர்த்யூஸ் படிக்கட்டின் அடியிலும் அப்படி ஒரு பலகை வேண்டும்.